துரைக்குக் காற்று வேண்டும்

"சித்தி, மழையே பெய்யல. நீ மட்டும் எங்க போய் நனைஞ்ச?"

பக்கத்து வீட்டுக் குழந்தை லூர்து ஒரு நாள் காலை லயத்து வாசலில் நின்று இப்படிக் கேட்டபோது, கத்தரீனாள் அவசரமாக முதுகைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். மூணாறு மலையில் ஆடி மாதக் குளிர். தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் அந்த லயத்து வீடுகளில் அத்தனை பேரும் கம்பளிக்குள் சுருண்டிருந்தார்கள். அவள் ரவிக்கை மட்டும் முதுகோடு ஒட்டிக் கிடந்தது.

"பைப்படியில தண்ணி தெறிச்சிருச்சு, கண்ணு."

"தலையில கூடவா?"

"தலையிலயுந்தான். போ, உங்கம்மா தேடுவா."

குழந்தை போகவில்லை. அவள் நெற்றியில் வழிவதையே பார்த்துக்கொண்டு நின்றது. கத்தரீனாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வேலைக்கு நடந்தாள்.

1974ஆம் வருஷம் அது. கத்தரீனாளுக்கு நாற்பத்தெட்டு வயது. சில மாதங்களாகவே இந்தத் தொந்தரவு. திடீரென்று நெஞ்சுக்குள் ஒரு அடுப்பு பற்றிக்கொள்ளும். அனல் கழுத்து வழியாக ஏறி முகத்தைப் பிடிக்கும். கொஞ்ச நேரத்தில் தானே அணையும். அப்புறம் பல் கிட்டுகிற மாதிரி குளிரும். மாதவிலக்கு நிற்கிற வயதில் பெண்களுக்கு வருகிற சூடுதான் அது என்று சொல்லித்தர அவளுக்கு யாரும் இல்லை. அம்மா நாற்பது வயதுக்குள் போய்ச் சேர்ந்துவிட்டாள். மற்றப் பெண்களிடம் கேட்கலாம். கேட்டால் பேச்சுப் பரவும். பரவினால் எஸ்டேட் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்வார்கள்.

ஆஸ்பத்திரிதான் அவளுக்குப் பயம்.

தேயிலைத் தொழிற்சாலையில் காம்பு பொறுக்கும் அறையில் அவளுக்கு வேலை. வறுத்துச் சலித்த தேயிலையைக் குவித்துப் போடுவார்கள். சுற்றி உட்கார்ந்து அதிலிருக்கும் காம்புகளைப் பொறுக்க வேண்டும். காலமெல்லாம் கொழுந்து கிள்ளி முழங்கால் தேய்ந்த பெண்களைத்தான் அங்கே உட்கார வைப்பார்கள். எஸ்டேட்டில் அதைவிட இலேசான வேலை கிடையாது. அதற்கும் லாயக்கில்லை என்று டாக்டர் எழுதிவிட்டால் கணக்குத் தீர்த்து ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். போன வருஷம் செவத்தியாள் ஒரு நாள் மயங்கி விழுந்தாள். அடுத்த மாதம் அவள் வீட்டில் வேறு யாரோ குடியிருந்தார்கள்.

கத்தரீனாள் விதவை. மகள் செசிலி மூணாறுப் பள்ளிக்கூடத்தில் பத்தாவது படித்தாள். வேலை போனால் லயத்து வீடு போகும். வீடு போனால் படிப்பும் போகும். 'ஆண்டவரே, பிள்ளை பரீட்சை எழுதுற வரைக்குமாவது இந்த அடுப்ப அணைச்சு வையும்' என்று அவள் தினமும் ஜெபித்தாள். ஆண்டவர் வேறு ஏதோ யோசனையில் இருந்தார்.

அன்றைக்கு அவளுக்கு இடம் கிடைத்தது மூலை ஜன்னல் ஓரம். அந்த அறையில் ஜன்னலைத் திறக்கக்கூடாது என்பது சட்டம். வெளியே எந்நேரமும் மூடுபனி. அது உள்ளே வந்தால் தேயிலை ஈரம் குடித்துவிடும். ஈரம் குடித்த தேயிலை பெட்டிக்குள் பூசணம் பிடிக்கும். தேயிலை தயாரிப்பை மேற்பார்க்கும் மலையாளி, டீமேக்கர் குரியாக்கோஸ் இதைச் சங்கீதம் மாதிரி தினமும் சொல்வார்.

பத்து மணிக்கு முன்னால் அடுப்பு பற்றிக்கொண்டது. கத்தரீனாள் சுற்றிலும் பார்த்தாள். எல்லாரும் தலை குனிந்திருந்தார்கள். பின்னால் கைவிட்டு ஜன்னலை ஒரு விரற்கடை திறந்தாள். குளிர்காற்று கழுத்தில் பட்டதும் மோட்சம் இப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது. அதற்குள் தேநீர் மணி அடித்தது. மூட மறந்து எழுந்து போனாள்.

திரும்பி வந்தபோது டீமேக்கர் அறை நடுவில் நின்றார். ஜன்னல் இரண்டு கதவும் மலர்ந்து கிடந்தன. பனி உள்ளே வந்து குவியலின் மேல் உட்கார்ந்திருந்தது. அவர் குவியலுக்குள் கையை விட்டுக் கசக்கி மூக்கருகே கொண்டுபோனார்.

"ஈர்ப்பம்! தேயிலயில ஈர்ப்பம்! ஆரு துறந்தது ஜன்னல்?"

நான் ஒரு விரற்கடைதானே திறந்தேன், காற்று இழுத்துவிட்டதா என்று கத்தரீனாள் குழம்பினாள்.

"கத்தரீனா, நீதானே ஜன்னல் பக்கத்துல?"

உண்மை தொண்டை வரைக்கும் வந்தது. செசிலியின் முகம் குறுக்கே வந்தது.

"நான்... நான் பார்க்கையில தானா தொறந்து கெடந்துச்சுங்கய்யா."

அந்த அறையில் மிகவும் வாயாடி சவரியம்மாள். அவள் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள்.

"தானாவா? மாதாவே! ஐயா, இது டங்கன் துரை உட்கார்ந்து கணக்குப் பார்த்த அறையில்ல? அவருக்குக் காத்து இல்லாம ஒரு நிமிசம் ஆகாதுன்னு எங்க மாமனார் சொல்லுவாரு. துரைதான் வந்து தொறந்திருக்காரு!"

டங்கன் துரை இந்தத் தொழிற்சாலையைக் கட்டிய வெள்ளைக்காரர். செத்து வெகுகாலம் ஆகிறது. எஸ்டேட் மேட்டுக் கல்லறைத் தோட்டத்தில் அவர் பாட்டுக்கு அமைதியாகப் படுத்திருந்தார்.

"விட்டித்தம் பறயாதே! மடத்தனம்!" என்றார் டீமேக்கர். ஆனால் ஜன்னலை மூடுவதற்கு அவர் போகவில்லை. சவரியம்மாளைத்தான் அனுப்பினார்.

மத்தியானத்துக்குள் செய்தி எல்லா லயத்துக்கும் போய்விட்டது. கத்தரீனாள் வாயைத் திறக்கவில்லை. அவள் துரையைச் சொல்லவில்லையே. இல்லை என்று மறுக்கவும் இல்லை, அவ்வளவுதான். மனசாட்சிக்கு இந்தக் கணக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் டீமேக்கர் ஒரு ஏற்பாடு செய்தார். பெண்களுக்குக் கங்காணியாக இருந்த மதலேனம்மாளை ஜன்னல் பக்கத்தில் உட்காரச் சொன்னார். மதலேனம்மாள் சிரித்து யாரும் பார்த்ததில்லை. கத்தரீனாளுக்கு எதிர்ப்பக்கம் இடம் கிடைத்தது. சுவருக்கு அந்தப் புறத்தில்தான் தேயிலை உலர்த்தும் பெரிய அடுப்பு.

உள்ளே ஒரு அடுப்பு, முதுகுக்குப் பின்னால் ஒரு அடுப்பு. கத்தரீனாள் யோசித்தாள். அடுத்த நாள் ஒரு துண்டை நனைத்துப் பிழிந்து, கம்பளிக்குள் முதுகில் போட்டுக்கொண்டு வந்தாள். முதலில் சுகமாகத்தான் இருந்தது. பாதி நாளில் துண்டிலிருந்து தண்ணீர் இறங்கி, தரையில் ஓடி, சவரியம்மாளின் கால் வரைக்கும் போய்விட்டது.

"ஏட்டி, என்னட்டி தண்ணி? கூரை ஒழுகலையே!" சவரியம்மாள் துள்ளி எழுந்தாள். "துரை அழுதிருக்காரு! ஜன்னல மூடிட்டாகன்னு அழுதிருக்காரு!"

"சத்தம் போடாதீக மைனி," என்றாள் கத்தரீனாள் கம்பளியை இறுக்கிக்கொண்டு.

"நான் எங்கட்டி சத்தம் போட்டேன்? அவரு அழுததுக்கு நான் என்ன செய்ய?"

அந்தக் கூச்சலில் எல்லாரும் தண்ணீரைப் பார்த்தார்கள். திரும்பியபோது ஜன்னல் திறந்திருந்தது.

கத்தரீனாள் சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். அவள் ஜன்னலுக்கு வெகுதூரத்தில் இருந்தாள்.

"நான் இங்கனதான் இருக்கேன். கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள தொறந்துருச்சு," என்றாள் மதலேனம்மாள். அவளுக்கு மூச்சு வாங்கியது. கம்பளியைத் தோளிலிருந்து இறக்கி மடியில் வைத்திருந்தாள்.

டீமேக்கர் தச்சனைக் கூப்பிட்டு ஜன்னலுக்குக் கொண்டி போட்டுப் பூட்டினார். சாவியை மதலேனம்மாள் இடுப்பில் சொருகிக்கொண்டாள். அதற்கு அடுத்த நாள் காலையில் பூட்டு கொண்டியில் ஒழுங்காகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஜன்னல் திறந்திருந்தது.

கத்தரீனாளுக்குச் சோறு இறங்கவில்லை. தான் சொன்ன ஒரு பொய்க்குக் கைகால் முளைத்து எஸ்டேட்டில் நடமாடுகிறது என்று பயந்தாள். செத்த மனுஷனை இழுத்துவிட்டதற்கு ஆண்டவர் தருகிற தண்டனையோ? சாயங்காலம் உபதேசியார் சூசையப்பன் வீட்டுக்குப் போனாள். சாமியார் மாதத்துக்கு ஒரு தடவைதான் மலைக்கு வருவார். மற்ற நாளெல்லாம் ஜெபத்துக்கும் புத்திமதிக்கும் உபதேசியார்தான்.

"உபதேசியாரே, ஒருத்தி ஒரு பொய்யச் சொன்னான்னு வையுங்க. அந்தப் பொய் பெறவு நெசமாயிருச்சு. அது பாவமா, இல்லையா?"

உபதேசியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "யாரு அந்த ஒருத்தி?"

"சும்மா, ஒரு பேச்சுக்கு."

"எவன் பேரக் கெடுத்தோமோ அவன்கிட்டப் போய் மன்னிப்புக் கேட்டாத்தான் பாவம் தீரும். சரி, அத விடு. உங்க அறையில என்னமோ நடமாட்டமாமே? டீமேக்கர் ஐயா சொல்லி அனுப்பினாரு. நாளைக்கு வந்து ஜெபம் பண்ணுதேன். நீயும் முன்னால உட்காரு. உன் முகத்தப் பார்த்தா நீதான் ரொம்பப் பயந்திருக்க."

தீர்வு தேடிப் போன இடத்தில் முன்வரிசை இடம் கிடைத்தது.

மறுநாள் குவியல்களைச் சாக்குப் போட்டு மூடினார்கள். உபதேசியார் மூலைக்கு மூலை மெழுகுவர்த்தி ஏற்றச் சொன்னார். கெட்ட ஆவி வேறு அறைக்குத் தப்பிப் போய்விடக்கூடாது என்று கதவையும் சாத்தச் சொன்னார். ஜன்னலைக் கயிறு போட்டுக் கட்டினார்கள். டீமேக்கர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கதவை ஒட்டி நின்றார்.

ஜெபம் நீண்டது. மெழுகின் அனல், பெண்களின் கம்பளி வாசனை, மூச்சு முட்டும் அறை. "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தபோது கத்தரீனாளுக்குள் அடுப்பு பற்றியது. இதுவரை வந்ததெல்லாம் விறகடுப்பு, இது சூளை. கைகளை இறுக்கிக்கொண்டாள். பல்லைக் கடித்தாள். முகம் செங்கல் நிறமாயிற்று. வேர்வை கண்ணை மறைத்தது. உடம்பு முன்னும் பின்னும் ஆடியது.

"ஜன்னலத் தொறங்க!" அவள் வாயிலிருந்து அவளுக்கே தெரியாத ஒரு குரல் வந்தது. "காத்து வேணும்! ஜன்னலத் தொறங்கடீ!"

ஜெபம் நின்றது. உபதேசியாரின் கையிலிருந்த புத்தகம் விழுந்தது.

"துரை எறங்கிட்டாரு!" சவரியம்மாள் கும்பிட்டாள். "குரலக் கேட்டீயளா? அதே அதிகாரம்!"

டீமேக்கர் தொப்பியைக் கசக்கினார். "துரையாணெங்கில் இங்கிலீஷ்லயல்லே பறயணும்?"

"எத்தன வருசம் இங்கனயே கெடந்தவரு. தமிழ் வராதாக்கும்? உங்களுக்கு வரலையா?" என்றாள் சவரியம்மாள்.

மதலேனம்மாள் அதற்குள் கயிற்றை அறுத்து ஜன்னலைத் திறந்துவிட்டிருந்தாள். காற்று வந்தது. மெழுகுவர்த்திகள் அணைந்தன. கத்தரீனாளுக்கு உயிர் வந்தது. கண்ணைத் திறக்கத்தான் பயமாக இருந்தது. திறந்தால் ஆஸ்பத்திரி. மூடியிருந்தால் துரை. அவள் மூடியே இருந்தாள்.

"துரை, தெனமும் காத்து வேணுமா?" என்று சவரியம்மாள் பணிவாகக் கேட்டாள்.

கத்தரீனாள் தலையை ஆட்டினாள்.

"காலையில ஒரு தடவ, மத்தியானம் ஒரு தடவ போதுமா? சாயங்காலமும் வேணுமா? யோசிச்சுச் சொல்லுங்க துரை, அவசரமில்ல."

மறுபடி தலை ஆடியது.

"குடிக்க ஒரு பானைத் தண்ணி இந்த மூலையில வைக்கணுமா துரை?" இது பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

"சுவத்து ஓரம் ஒருத்தரே எந்நேரமும் உட்காராம, மாறி மாறி உட்காரணுமா?" இது மதலேனம்மாள்.

"முதுகு சாய ஒரு பலக?" இது யாரென்று தெரியவில்லை.

கத்தரீனாள் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள். கழுத்து வலித்தது.

"செத்துப்போன வெள்ளக்காரனுக்கு எதுக்குப் பானைத் தண்ணி?" என்றார் டீமேக்கர்.

"செத்தவுகளுக்கு நாக்கு வறளாதாக்கும்?" என்றாள் சவரியம்மாள். "ஐயா, சொல்லிப்புட்டேன். துரை கேட்டதச் செய்யலன்னா நாளையிலேர்ந்து நாங்க ஒருத்தியும் இந்த அறைக்குள்ள கால் வைக்க மாட்டோம். கொச்சிக்குப் போற பெட்டிய நீங்களே உட்கார்ந்து பொறுக்கிக்கிடுங்க."

டீமேக்கர் குவியல்களைப் பார்த்தார். லாரி வரும் நாளை நினைத்தார். "சரி, சரி. சாக்குப் போட்டு மூடிட்டு, மூணு நேரம் கொஞ்சம் கொஞ்சம் துறக்கலாம். பானையும் வச்சோ. பக்ஷே, இவள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் டாக்டர்கிட்ட காட்டணும்."

எதிலிருந்து தப்பக் கத்தரீனாள் இவ்வளவும் செய்தாளோ, அது இப்போது வாசலுக்கு வந்துவிட்டது.

மதலேனம்மாள் எழுந்து வந்து அவள் தோளில் கை வைத்தாள். கங்காணியின் கை முதன்முதலாக அதட்டாமல் பட்டது.

"எதுக்குங்கய்யா டாக்டரு? வந்தது துரை. போயிட்டாரு. இவ நல்லாத்தான் இருக்கா. டாக்டர் கேட்டா என்னன்னு எழுதச் சொல்லுவீக? 'டீமேக்கர் ஐயா பேய்க்குப் பயந்து அனுப்பினாரு'ன்னா?"

டீமேக்கர் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். "வேண்டா. வேலையைப் பாருங்க," என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் வேகமாகவே போனார்.

மதலேனம்மாள் கத்தரீனாளின் நெற்றியைத் தன் முந்தானையால் துடைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து அறையில் மூன்று வேளையும் 'துரைக் காத்து' வந்தது. மணி அடிக்கும், சாக்குகள் விரியும், ஜன்னல் திறக்கும். பெண்கள் கம்பளியை இறக்கிவிட்டு ஜன்னலோரம் கூடி நிற்பார்கள். துரைக்கு மரியாதை செய்கிறார்கள் என்று டீமேக்கர் எண்ணிக்கொண்டார். கத்தரீனாளின் அடுப்பு வந்தபடிதான் இருந்தது. ஆனால் அது எப்போது வந்தாலும், அடுத்த காற்று தூரத்தில் இல்லை என்ற தைரியம் வந்துவிட்டது. செசிலி லயத்து விளக்கில் பாடம் படித்துக்கொண்டிருந்தாள்.

இருந்தும் ஒரு முள் உறுத்தியது. முதல் நாள் திறந்தது அவளே. மற்ற நாளெல்லாம் திறந்தது யார்? துரை என்பதைத் தவிர வேறு பதில் அவளுக்குத் தோன்றவில்லை. பாவம், அந்த மனுஷன் பேரை இவள் தன்னைக் காத்துக்கொள்ளப் பயன்படுத்தினாள். அவரோ கோபிக்காமல் வந்து உதவி செய்துவிட்டுப் போயிருக்கிறார். இதற்கு நன்றி சொல்ல வேண்டாமா? மன்னிப்புக் கேட்க வேண்டாமா?

ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்து எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு, முந்தானைக்குள் ஒரு மெழுகுவர்த்தியை மறைத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்து மேட்டில் ஏறினாள். துரை புராட்டஸ்டண்டு. தன் மெழுகுவர்த்தி அவருக்கு ஆகுமோ ஆகாதோ என்று வழியெல்லாம் சந்தேகம். ஆண்டவர் ஒருவர்தானே என்று தேற்றிக்கொண்டாள். பனி எதிரே வருகிற ஆளை மறைத்தது. யாரும் பார்க்கவில்லை. அதுதான் அவளுக்கு வேண்டும்.

டங்கன் துரையின் கல்லுக்கு முன்னால் முழங்காலிட்டு மெழுகுவர்த்தியை ஏற்றினாள்.

"துரை, ஜன்னலத் தொறந்தது நான்தான். பழிய உங்க மேல போட்டுட்டேன். என் பிள்ளை படிப்புக்காகச் செஞ்சேன். மன்னிச்சுக்கிடுங்க. நீங்க செஞ்ச உபகாரத்த நான் மறக்க மாட்டேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோதுதான் கல்லைச் சுற்றி உருகிக் கிடந்த மெழுகு தெரிந்தது. வெள்ளை, மஞ்சள், ஒன்று பச்சை. ஒரு மெழுகு இன்னும் முழுதாக இறுகவில்லை.

பின்னால் யாரோ இருமினார்கள். கல்லறைத் தோட்டத்தில் புல் அறுக்கும் காவல்காரர் பெரியமுத்து, கையில் அரிவாளோடு நின்றார்.

"ஜன்னல் விசயமாத்தான் வந்தீகளா?"

கத்தரீனாள் முழங்காலிலிருந்து எழுந்தாள். "உ... உங்களுக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. அவுகவுக வந்து துரைகிட்டச் சொன்னது என் காதுல விழுந்துச்சு. புல்லறுக்கிறவன் காதப் பொத்திக்கிட்டா அறுக்க முடியும்?" அவர் அரிவாள் நுனியால் காட்டினார். "மொத ஆளா வந்தது சவரியம்மா. இது மதலேனம்மா வச்சது. கங்காணியம்மா அழுது நான் அன்னைக்குத்தான் பார்த்தேன். 'வேர்வ தாங்கல துரை, பூட்டுச் சாவி என்கிட்டதான் இருந்துச்சு'ன்னாக. பச்ச மெழுகு, பின்னால உட்காருற அந்தக் குள்ளம்மா. தனித்தனியாத்தான் வந்தாக. எல்லாரும் ஒரே பேச்சுத்தான். 'தொறந்தது நான் ஒருத்திதான்'னு."

"எல்லாருமா?"

"எல்லாருந்தான்." பெரியமுத்து அவள் ஏற்றிய மெழுகுவர்த்தி காற்றில் அணையாதபடி உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, அவளை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"அந்த அறையிலயே ஜன்னலத் தொடாத ஒரே பொம்பள நீங்கதான்னுல்ல இவ்வளவு நாளும் நெனச்சுக்கிட்டு இருந்தேன்!"